பூச்சி மாத்திரை போட்டால் வீசிங் வருமா?

குடற்புழு உள்ளவர்களுக்கு அலர்ஜி குறைவு என்ற ஆய்வுச் செய்தி, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள் நெருங்கும் வேளையில் அந்தியூர் வட்டாரப் பெற்றோரைக் குழப்பியிருக்கிறது. புழு போனால் பிள்ளைக்கு இழுப்பு வருமா என்பதே கடிதங்களில் வரும் கேள்வி.

புழுவை எதிர்க்க உடல் ஐஜிஇ புரதத்தையும் ஈசினோபில் அணுக்களையும் திரட்டுகிறது. தூசி பட்டதும் இழுப்பை உண்டாக்குவதும் இவையே. ஆனால் கொக்கிப்புழு குடலில் ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டுமானால் இந்தச் சீற்றம் அடங்க வேண்டும். அதற்காக அது சுரக்கும் பொருள்கள் உடலின் கட்டுப்பாட்டு அணுக்களைத் தூண்டுகின்றன. ஐஎல்-10 என்ற தணிப்புப் பொருள் பெருகுகிறது. புழுவுக்காகத் தணிந்த சீற்றம் தூசிக்கும் சேர்த்தே தணிகிறது.

ஆப்பிரிக்காவின் காபோனில், நத்தைவழிப் புழு தொற்றிய பிள்ளைகளுக்குத் தூசிப்பூச்சிச் சோதனையில் தோல் தடிப்பது குறைவு என 2000இல் தெரிந்தது. வியட்நாமில் மாத்திரை பெற்ற பிள்ளைகளிடம் தோல் தடிப்பு கூடியது, இழுப்பு கூடவில்லை. தோல் சோதனை வேறு, நோய் வேறு. உகாண்டாவில் மட்டும் கவலைக்குரிய முடிவு ஒன்று வந்தது: கர்ப்பத்தில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குக் கரப்பான் (எக்சிமா) அதிகம்.

எல்லாப் புழுவும் சீற்றத்தைத் தணிப்பதில்லை. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கொக்கிப்புழு இருந்தால் ஆஸ்துமா குறைவாகவும், உருண்டைப்புழு இருந்தால் சற்று அதிகமாகவும் இருந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகளை நுரையீரல் அளவுமீறி எதிர்த்தால் இரவில் இருமலும் இழுப்பும் வரும். அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் பிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் பதிவுசெய்த, காசநோய் போலத் தோன்றும் ஈசினோபிலியா இதுவே.

மாத்திரை போட்டாலே எல்லாப் புழுவும் போய்விடும் என்பதுமில்லை. ‘புழு நீக்கம்’ என்று அரசு அறிவிக்கும் விழுக்காடு, மாத்திரை பெற்ற பிள்ளைகளின் கணக்கு. எத்தனை பேரின் குடலில் புழு ஒழிந்தது என்பதை அது சொல்லாது. ஒரே வேளை மாத்திரைக்கு உருண்டைப்புழு பெரும்பாலும் போய்விடும். சாட்டைப்புழு பலரிடம் தங்கிவிடும். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு திரும்பவும் ஏறும்.

மாத்திரை கொடுக்கலாமா? கட்டாயம் கொடுக்க வேண்டும்; கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும்.

அளவு? 1 முதல் 2 வயதுவரை அரை மாத்திரை. அதற்குமேல் 19 வயதுவரை 400 மி.கி. முழு மாத்திரை.

காய்ச்சல் இருந்தால்? குணமான பிறகு கொடுக்கலாம்.

ஆஸ்துமாவுக்குப் புழுவே மருந்தாகுமா? கொக்கிப்புழுவை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்த பிரிட்டன் சோதனையில் (2010) குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

புழு திரும்பாதிருக்க? கழிப்பறை, செருப்பு, சோப்பு போட்டுக் கைகழுவல்.