அணுகுண்டு ரகசியம் சிறுகதையில் வந்தது!
பத்திரிகை ஆசிரியரைத் தேடி வந்த உளவுத்துறை

1944-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா பரம ரகசியமாக அணுகுண்டு தயாரித்து வந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதம், "அஸ்டவுண்டிங்" என்ற அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் ஒரு சிறுகதை வெளிவந்தது. பெயர் "டெட்லைன்". அதாவது, கெடு. எழுதியவர் கிளீவ் கார்ட்மில்.

ராணுவ உளவுத்துறை திடுக்கிட்டது. யுரேனியம் 235-ஐக் கொண்டு குண்டு செய்யலாம் என்று கதையில் விளக்கமாக எழுதியிருந்தது!

தலைகீழ்ப் பெயர்கள்

கதை நடப்பது வேறொரு கிரகத்தில். அங்கே இரு அணிகள் மோதுகின்றன. ஒன்று "சிக்ஸா", மற்றொன்று "செய்லா". ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் "ஆக்ஸிஸ்", "அல்லைஸ்" என்று வரும். முன்னது ஹிட்லர் அணி. பின்னது நேச நாடுகள். வேஷம் போட்டும் முகம் தெரிந்துவிட்டது!

வதந்தி பரவுவது போல...

ஒருவர் இரண்டு பேரிடம் வதந்தியைச் சொல்கிறார். அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேரிடம் சொல்கிறார்கள். நொடியில் ஊரே பேசுகிறது. அணு பிளப்பதும் இப்படித்தான். ஓர் அணு பிளந்தால் இரண்டு, மூன்று நியூட்ரான்கள் பாயும். அவை மற்ற அணுக்களைப் பிளக்கும்.

இதற்கு ஏற்றது யுரேனியம் 235. ஆயிரம் கிராம் யுரேனியத்தில் அது சுமார் 7 கிராம்தான் இருக்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

"யார் சொன்னது?"

அதிகாரிகள் பத்திரிகை ஆசிரியர் ஜான் காம்பெலை விசாரித்தார்கள். கதாசிரியரையும் விடவில்லை.

காம்பெல் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர். கதைக்கான விஷயத்தைக் கொடுத்ததே அவர்தான். எல்லாம் விஞ்ஞான ஏடுகளில் முன்பே அச்சானவை என்று அவர் விளக்கினார். அது உண்மை. யுரேனியம் அணு பிளந்த செய்தி 1939-லேயே வெளியாகிவிட்டது. அணுகுண்டுக் கதைகளைத் திடீரென்று நிறுத்தினால்தான் எதிரிக்குச் சந்தேகம் வரும் என்றும் அவர் வாதாடினார். யாரும் கைதாகவில்லை.

உண்மையில், கதையில் வரும் குண்டின் அமைப்பு நிஜக் குண்டைப் போன்றதல்ல. ஆனால் கதையில் ஒரு பயம் வருகிறது: குண்டு வெடித்தால் கிரகம் முழுவதுமே அழிந்துவிடுமோ? இதே போன்ற பயம் நிஜ விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. காற்று மண்டலமே பற்றி எரியுமோ என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எரியாது என்று விடை வந்தது.

கதையில் குண்டு வெடிக்கவில்லை. கதாநாயகன் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறான்.

1945 ஆகஸ்டு 6. ஹிரோஷிமா நகரின் மீது நிஜக் குண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் மாண்டார்கள். அங்கே தடுக்க எந்தக் கதாநாயகனும் வரவில்லை.