துடைப்பத்தை எடுக்கும் முன்

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் சாதி வெறிக் கும்பல் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தது. தீ ஒரே இரவில் அணைந்துவிடும். புகை நாற்றமோ சுவரிலும் பாயிலும் மாதக்கணக்கில் தங்கிவிடும். அந்த நாற்றத்தில் படுத்துத் தூங்க முடியாமல்தான் நம் பெண்கள் விடிந்ததும் துடைப்பத்தை எடுக்கிறார்கள். அவசரம் வேண்டாம். வீட்டைக் கழுவினால் சாட்சியையும் கழுவிவிடுகிறோம்.

முதலில் மூலை முடுக்கெல்லாம் படம் எடுப்போம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 12ஆம் விதிப்படி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து சேதத்தை மதிப்பிட வேண்டும். எரிந்த வீட்டுக்கு அரசுச் செலவில் கல் வீடோ செங்கல் வீடோ கட்டித் தரவேண்டும். இது சலுகையல்ல.

மதிப்பீடு முடிந்தபின், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கரியை உலர்ந்த துடைப்பத்தால் மேலிருந்து கீழாக இழுப்போம். ஈரத்துணியால் தேய்த்தால் கரி சுவருக்குள் இறங்கிவிடும். பிறகுதான் சோப்புத் தண்ணீர். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு பூச்சு சுண்ணாம்பு. துணிமணிகளை ஆப்பச்சோடா கரைத்த நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடலாம். புகை ஏறிய அரிசி, பருப்பைக் கொட்டிவிட வேண்டியதுதான், மனசு கேட்காவிட்டாலும். பிள்ளைகளின் புத்தகங்களை விரித்துக் காயவைப்போம். சான்றிதழ் எரிந்திருந்தால் அதையும் மனுவில் எழுதுவோம்.