இறுக்கமும் பிடிப்பும் – ஒரு தூண்டில் கம்பு அனுபவம்

மெக்கானிக்கல் படிக்கிறவன் தூண்டிலைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்க வேண்டாம். கிளியரன்ஸ் ஃபிட், இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட் என்று வகுப்பில் எழுதி மார்க் வாங்கிய எனக்கு, அதன் அர்த்தம் புரிந்தது பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். அதுவும் ஒரு கம்பைக் கெடுத்த பிறகு!

என் அப்பா வெள்ளாற்று முகத்துவாரத்தில் வலை வீசுபவர். ரீல் வைத்த கம்போடு கொடுவா பிடிக்க வருகிறவர்களும் அங்கே உண்டு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஃபைபர் கம்பு, கார்க் பிடி, ரீல் சீட் எல்லாம் தனித்தனியாக வாங்கி வந்தார். "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, சேத்துக் குடு தம்பி" என்று 500 ரூபாயைக் கையில் வைத்தார். பரீட்சை ஃபீஸுக்கு ஆச்சு என்று மகிழ்ந்தேன்.

ரீல் சீட் என்பது ரீலின் காலைக் கவ்விப் பிடிக்கும் குழாய். ஒரு முனையில் அசையாத வாய், மறுமுனையில் மரை போட்ட நட்டு. கார்க் பிடியின் நடுவில் இது உட்காரும். வெர்னியர் வைத்துப் பார்த்தேன். கம்பின் வெளி விட்டம் 13 மி.மீ., சீட்டின் உள் விட்டம் 16 மி.மீ. பக்கத்துக்கு 1.5 மி.மீ. இடைவெளி. நான் என்ன செய்தேன்? சீட்டின் முழு நீளத்துக்கும் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அரால்டைட் தடவி, மரச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றினேன். அசையவே இல்லை. பெருமையாகக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் கம்பு திரும்பி வந்தது. மீன் இழுத்த இழுப்பில் சீட் ரீலோடு சுழன்று, மீனும் போய்விட்டதாம். அறுத்துப் பார்த்தால் உள்ளே பசையே இல்லை. பள்ளிக்கூடம் போகாத அப்பா ஒரு தடவைதான் பார்த்தார். "இவ்வளவு இறுக்கமா ஏத்துனா பசை எங்கடா நிக்கும்? எல்லாம் வெளியில வழிஞ்சிருக்கு பார்!"

அதேதான். இங்கே பிடித்து நிறுத்துவது இறுக்கம் இல்லை, பசை. டேப்பின் வேலை சீட்டை நடுவில் நிறுத்துவது மட்டுமே. ஆகவே 6 மி.மீ. அகலத்தில் மூன்று நான்கு வளையமாக மட்டும் டேப் சுற்ற வேண்டும். சீட் கையால் தள்ளினாலே ஏற வேண்டும். வளையங்களுக்கு இடையே உள்ள பள்ளம் முழுக்கப் பசை நிரம்பினால்தான் அது கம்பையும் சீட்டையும் நேராகப் பிடிக்கும். டேப்பின் மேலும் ஓரத்திலும் பசை மூடியிருக்கட்டும். உப்புத் தண்ணீர் புகுந்தால் காகிதம் இற்றுவிடும். முன்னதாகக் கம்பின் பளபளப்பையும் சீட்டின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறுகும் அரால்டைட்தான் நல்லது. சீட்டை நேர் பார்த்துத் திருப்ப அவகாசம் கிடைக்கும்.

கார்க் பக்கம் கதை வேறு. சீட்டின் உதடு கார்க்குக்குள் 5 மி.மீ. போல இறங்க வேண்டும். இந்தப் பள்ளம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம். கார்க் அமுங்கிக் கொடுக்கும். ஆனால் டிரில் பிட் வைத்துக் குடையாதீர்கள், பிய்த்துக்கொண்டு வரும். பிளேடால் வட்டம் கீறி, குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தே குழி எடுக்க வேண்டும். பசை இல்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்த பிறகே பசையைக் கலக்க வேண்டும்.

கார்க் ஒரு மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் 9 ஆண்டுக்கு ஒரு முறை உரிக்கிறார்கள். உலகிலேயே அதிகம் கிடைப்பது போர்ச்சுகல் நாட்டில். எங்கள் ஊருக்குப் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்துப் போனார்களே, அதே பரங்கியர் நாடுதான்!

புது சீட், கார்க், திரும்பக் கட்டிய நூல் என்று அந்த 500 ரூபாயும் போனது. பரீட்சை ஃபீஸை அம்மா மீன் விற்ற காசில் கட்டினார். கம்பு மட்டும் இன்றும் அன்னங்கோயில் பக்கம் வேலை செய்துகொண்டிருக்கிறது. சீட் ஆடுகிற கம்பு யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். கூலி வேண்டாம், அரால்டைட் மட்டும் உங்கள் செலவு.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்