கொல்லைப்புறத்தில் டர்ஃப் கோர்ட்... திண்டுக்கல் வெயில் தாங்குமா?

ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் குறைந்தாலே குடிநீருக்குக் கவலைப்படும் ஊர் திண்டுக்கல். இங்கே வீட்டுக் கொல்லையில் நிஜப் புல் வளர்த்து, பிள்ளைகளைப் பந்து விளையாட விடுவது நடக்கிற காரியமா? அதனால்தான் தண்ணீர் கேட்காத டர்ஃப் மீது பலருக்கு ஆசை.

ஆனால், இந்தப் பிளாஸ்டிக் புல் நிஜப் புல்லைப்போல நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-ல் அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ்தான். டர்ஃப் மேற்பரப்பிலோ 93 டிகிரி! தண்ணீர் தெளித்ததும் குளிர்ந்தது, கொஞ்ச நேரத்திலேயே மறுபடி கொதித்தது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஓடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

போட்டே ஆக வேண்டுமென்றால், செலவில் கை வைக்கக் கூடாத இடம் அடித்தளம். மண்ணை வெட்டி, ஜல்லி பரப்பி, ரோலர் விட்டு இறுக்கி, மழைநீர் வடிய லேசான சரிவு வைக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழைக்கே குளம்தான்.

இழைகளுக்கு இடையே கறுப்பு ரப்பர் துகள் வேண்டாம்; சிலிக்கா மணல் கேளுங்கள். மண்ணில் கலக்கும் நுண்பிளாஸ்டிக் என்பதால், அந்தத் துகள் விற்பனையை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே விதி போட்டுவிட்டது.

காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்துக்கு மேல் ஆடலாம். இடம் போதவில்லை என்று வேப்பமரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சருகு விழுந்தால் கூட்டிக்கொள்ளலாம்.