பொயிலரில் அமுக்கம் குறைகிறதா?



நான் கணக்காளன், பொயிலர் திருத்துபவன் அல்லன். ஆனால் சென்ற குளிர்காலத்தில் லண்டனில் உள்ள எங்கள் வீட்டுப் பொயிலர் எனக்கு ஒரு பாடம் படிப்பித்தது. அதைத்தான் இம்மாத உரையில் சொன்னேன்.

கொம்பி பொயிலரின் முகப்பில் ஒரு சிறிய மானி இருக்கும். பொயிலர் ஆறியிருக்கும்போது முள் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை நிற்கவேண்டும். சூடேறினால் சற்று உயரும், அது வழமை. மிகவும் இறங்கினால் பொயிலர் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கொருமுறை முள் இறங்கியது. நானும் கீழேயுள்ள நிரப்புக் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு வாரம் இப்படியே போனது. ஒருநாள் விடியற்காலை எழும்பிப் பார்த்தால், அம்மா குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நடுங்கியபடி இருக்கிறார். என்னை எழுப்பக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. கல்லாவில் காசு குறைய, சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டுபவனைப்போல நடந்திருக்கிறேன். காசு எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. அடிக்கடி விடும் புதுத் தண்ணீர் ஒட்சிசனையும் கொண்டுவந்து உள்ளே துருப்பிடிக்கச் செய்யும்.

உடனே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஆறியபோது 1.2, சூடானபோது ஏறக்குறைய 3, மறுபடி ஆறியபோது 0.4. நிரப்புக் குழாயின் இரண்டு திறப்புகளும் இறுக்கமாகப் பூட்டியிருந்தன. றேடியேற்றர் வால்வுகளைக் கடதாசியால் ஒற்றிப் பார்த்தேன், ஈரமில்லை. அண்மையில் றேடியேற்றர்களில் காற்றுத் திறந்துவிட்டிருந்தாலும் அமுக்கம் குறையும். நாங்கள் திறக்கவில்லை. கடைசியாக, பொயிலரிலிருந்து வெளிச்சுவருக்குப் போகும் செப்புக் குழாயின் கீழ் ஒரு வெறும் ஐஸ்கிறீம் பெட்டியை வைத்தேன். மழையில்லாத இரவு. காலையில் பெட்டிக்குள் தண்ணீர்!

தண்ணீர் சூடாகி விரிய இடம் கொடுப்பது உள்ளேயிருக்கும் விரிவுக்கலம். அதில் காற்றுக் குறைந்தால் அமுக்கம் ஏறி, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விடும். ஆறியதும் முள் விழும்.

ஒரு நிறுவனம் வந்து பார்க்காமலே புதிய பொயிலர் போடச் சொன்னது. என் கொப்பியைப் பார்த்த பொறியியலாளரோ கலத்துக்குக் காற்றடித்து, வால்வை மாற்றினார். அவ்வளவுதான்.

இரண்டு விடயங்களை மறக்கவேண்டாம். பொயிலரின் மூடியை நீங்கள் திறக்கவேண்டாம். "தெரிந்த பெடியன், மலிவாய்ச் செய்வான்" என்றாலும் 'காஸ் சேஃப்' அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 2009 முதல் இங்கு அந்தப் பதிவே செல்லும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

வாடகைக்கு இருப்பவர்களே, இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பொயிலரைத் திருத்தித் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ என்று குளிரில் கிடக்கவேண்டாம். எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள்.