ஏழு வீடுகளின் பொருளாதாரம்

இந்தோனேசியா என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பாலித் தீவும் ஜகார்த்தாவின் நெரிசலும்தான். பதினேழாயிரம் தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் ஏறத்தாழ 75,000 கிராமங்கள் உள்ளன. அவற்றில் எட்டாக் கையில் இருக்கும் ஊர்களைப் பற்றி நாம் அதிகம் அறிவதில்லை. அத்தகைய ஊர்களில் ஒன்று வாயே ரெபோ. ஃபுளோரெஸ் தீவின் மேற்குப் பகுதியில், மங்கராய் மாவட்டத்து மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி செல்லும் சாலை மலையடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் காட்டு வழியே இரண்டு, மூன்று மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். ஏறிச் சென்றால் காணக்கிடைப்பவை ஏழே வீடுகள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த ஊர் என்னை ஈர்த்ததற்குக் காரணம் அதன் அழகு அன்று. தொலைவு என்பது ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

தொலைவைப் பற்றி 1826-இலேயே எழுதியவர் ஜெர்மானியப் பண்ணையாளரான ஃபான் தூனன். சந்தையிலிருந்து விலக விலக, விளைபொருளின் விலையில் ஒரு பகுதியைப் போக்குவரத்துச் செலவு விழுங்கிக்கொண்டே போகும் என்பது அவர் கண்ட உண்மை. வாயே ரெபோவின் முக்கியப் பணப்பயிர் காபி. அறுவடையான கொட்டையை மூட்டையாகக் கட்டி, மனிதர்களே சுமந்து கீழே இறக்க வேண்டும். அடிவாரத்து வியாபாரி சொல்வதுதான் விலை. கட்டுப்படியாகவில்லை என்று மூட்டையைத் திரும்ப மலையேற்ற யாருக்கு மனம் வரும்? அதே தோள்கள்தாம் அரிசியையும் உப்பையும் மண்ணெண்ணெயையும் மேலே கொண்டுவருகின்றன. விற்கும்போது மலிவு, வாங்கும்போது உயர்வு. தொலைவு இரண்டு பக்கமும் வரி வாங்குகிறது.

இந்த வரியைச் சமாளிக்கவே அவ்வூர் மக்கள் தங்கள் வீட்டைக் கட்டினார்களோ என்று தோன்றுகிறது. 'எம்பாரு நியாங்' எனப்படும் அந்த வீடுகள் கூம்பு வடிவானவை. கூரை தரை வரை இறங்கும். ஆணி இல்லை, மரமும் மூங்கிலும் பிரம்பால் கட்டப்பட்டவை. உள்ளே ஐந்து அடுக்குகள். கீழ்த்தளத்தில் ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. அதற்கு மேலுள்ள பரண் அன்றாட உணவுக்கும் பொருள்களுக்கும். மூன்றாவது அடுக்கு விதைகளுக்கு. நான்காவது, மழை பொய்த்தால் உண்பதற்கான சேமிப்பு. உச்சியில் இருப்பது முன்னோர்களுக்கான படையல் இடம். வங்கியும் காப்பீடும் நியாயவிலைக் கடையும் இல்லாத ஊரில் அந்த மூன்று வேலைகளையும் பரண்களே செய்துவந்தன.

ஆயினும் இந்த வீடுகள் அழிவின் விளிம்புக்கு வந்தன. யோரி அந்தார் என்ற இந்தோனேசியக் கட்டடக் கலைஞர் 2008-இல் அங்கு சென்றபோது நான்கு வீடுகளே எஞ்சியிருந்தன. தனியார் நன்கொடை திரட்டப்பட்டது. ஆனால், நகரத்திலிருந்து ஒப்பந்தக்காரர் எவரையும் அழைத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லச்சொல்ல இளைஞர்கள் மரம் வெட்டிப் பிரம்பு கட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வீடுகள் மீண்டும் ஏழாயின. 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் தலையாய விருது இவ்வூருக்குக் கிடைத்தது. அதன் பிறகு பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

தூனனின் கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. பயணி தன்னைத் தானே சுமந்துகொண்டு மலையேறி வருகிறார். போக்குவரத்துச் செலவு இப்போது வாங்குபவருடையது. கீழே கொட்டையாக இறங்கிச் சொற்ப விலைக்குப் போன காபி, மேலேயே வறுத்து, இடித்து, கோப்பையிலும் பொட்டலத்திலும் விற்கப்படுகிறது. பெண்கள் நெய்யும் துணி, வாசலிலேயே விலை போகிறது. நடந்து வந்த களைப்பையும் சேர்த்தே பயணி விலை கொடுக்கிறார். கார் நேராக வாசலுக்கு வந்துவிட்டால் இந்த மதிப்பில் எவ்வளவு மிஞ்சும் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. சாலை போட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, இதை ஒப்புக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

வருமானம் பகிரப்படும் முறையும் கவனிக்கத்தக்கது. பயணியை வீட்டுக்கு வீடு போட்டியிட்டு இழுப்பதில்லை. வருகிறவர் முதலில் முரசு வைத்திருக்கும் தலைமை வீட்டுக்குச் சென்று பெரியவரிடம் ஆசி பெற வேண்டும். தங்கும் கட்டணம் ஊர் அமைப்பின் வழியாக, எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கப்படுகிறது. பல ஆண்டுகளாக அது உணவோடு சேர்த்து ஓர் இரவுக்கு 3,25,000 ரூப்பியாவாக இருந்தது. நம் பணத்தில் சுமார் 1,700 ரூபாய். சமையலைப் பெண்கள் முறைவைத்துச் செய்கிறார்கள். பாடப்புத்தகத்தில் கூட்டுறவு என்று நாம் எழுதுவதை இவர்கள் பதிவு எண் இல்லாமலே நடத்துகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஊரில் பள்ளி கிடையாது. பள்ளி வயது வந்ததும் பிள்ளைகள் கீழே உள்ள கோம்போ என்ற ஊருக்குப் போய்விடுகிறார்கள். வீடுகளின் எண்ணிக்கை ஏழு என்பது மரபு. அதற்கு மேல் கட்டுவதில்லை. ஆகவே பெருகிய குடும்பங்கள் கோம்போவில் குடியேறின. பள்ளியும் அங்கே என்றானதால் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்கின்றன. விடுமுறை நாள்களில்தான் மேலூரில் குழந்தைகளின் குரல் நிறைந்திருக்கும். காபியைத் தேடிப் பயணி மேலே வருவார். கல்வி அப்படி ஏறி வருவதில்லை.

இவ்வூர் இருக்கும் கிழக்கு நுசா தெங்காரா, நாட்டின் மிக வறிய மாநிலங்களுள் ஒன்று. 2023 மார்ச் கணக்குப்படி தேசிய வறுமை விகிதம் 9.36 சதவீதம், இங்கு ஏறத்தாழ 20 சதவீதம். 2022-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 21.6 சதவீதம் என்றால் இம்மாநிலத்தில் 35.3 சதவீதம். வேலை தேடி மலேசியாவுக்குச் சென்று சவப்பெட்டியில் திரும்புகிறவர்கள் பற்றிய செய்தி இம்மாநிலத்துக்குப் புதிதன்று. தொலைதூரப் பள்ளிகளில் மாதம் மூன்று லட்சம் ரூப்பியா அளவே பெற்ற தற்காலிக ஆசிரியர்கள் பற்றி அந்நாட்டு ஊடகங்கள் பலமுறை எழுதியுள்ளன. வாயே ரெபோவில் ஒரு பயணி ஓர் இரவு தங்கக் கொடுக்கும் தொகையைவிட அது குறைவு!

அரசிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2014-ஆம் ஆண்டின் ஆறாம் எண் கிராமச் சட்டத்தின்படி, 2015 முதல் மத்திய அரசு கிராமங்களுக்கு நேரடியாக நிதி வழங்குகிறது. முதலாண்டில் 20 லட்சம் கோடி ரூப்பியாவைச் சற்றே தாண்டிய அத்தொகை, 2024-இல் 71 லட்சம் கோடியானது. நம் கணக்கில் சுமார் 37,000 கோடி ரூபாய். ஒரு கிராமத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஐம்பது லட்சம். வளரும் நாடுகளில் இவ்வளவு பெரிய தொகையைக் கிராமங்களின் கையிலேயே ஒப்படைத்த துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் வாயே ரெபோ சட்டத்தின் கண்ணில் கிராமமே அன்று. அது சத்தார் லெண்டா என்ற கிராமத்தின் ஒரு குக்கிராமம். நிதியை எதற்குச் செலவிடுவது என்பது கிராமப் பொதுக்கூட்டத்தில் முடிவாகும். அங்கே ஏழு வீடுகளின் குரல் எத்தனை பேரின் குரலாக எண்ணப்படும்?

2025 ஜூலையில் அதிபர் பிரபோவோ சுபியாந்தோ, கிராமங்கள்தோறும் ஒன்றாக 80,000 கூட்டுறவுச் சங்கங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன் கடன்களுக்குக் கிராம நிதியே பிணையாகலாம் என்ற ஏற்பாடு எனக்குக் கவலை தருகிறது. தலைநகரில் வரைந்த ஒரே அச்சில் எண்பதாயிரம் சங்கங்களை வார்க்க முயல்வதைவிட, பதிவு எண் இல்லாமல் ஏற்கெனவே நடந்துவரும் கூட்டுறவுகளைத் தேடிக் கண்டு வலுப்படுத்துவது மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும்.

சுற்றுலா ஒன்றையே நம்புவதும் ஆபத்து. 2020 ஏப்ரலில் இந்தோனேசியா வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவடைத்தது. பயணி வராத அத்தகைய காலத்தில் எஞ்சுவது தோட்டமும் பரணும்தான். அருகிலுள்ள லபுவான் பாஜோ துறைமுக நகரைப் பெரும் சுற்றுலாத் தலமாக்க அரசு பல ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டுகிறது. அங்கே வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இம்மலைக்கும் வருவார்கள். கூட்டம் பெருகப் பெருக, தோட்டத்தில் இருக்க வேண்டிய கைகள் அடுப்படிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது எளிதாக இராது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பை ஊரே வகுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நிதியை எங்கே செலவிட வேண்டும் என்று என்னைக் கேட்டால் மலைமேல் சாலைக்கு என்று சொல்லமாட்டேன். நிலச்சரிவு தாங்கும் நடைபாதை, மேலேயே தங்கிப் பணிபுரியும் ஒரு செவிலியர், கோம்போவில் பிள்ளைகளுக்கு நல்ல உணவோடு ஒரு விடுதி, அங்குள்ள ஆசிரியர்களுக்குக் கௌரவமான சம்பளம் ஆகியவற்றுக்கே முதலிடம் தருவேன். புல்லும் பனைநாரும் வேய்ந்த கூரை என்றென்றைக்கும் நிற்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடந்த முறை கற்றுக்கொடுத்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த முறை பிரம்பு கட்ட வேண்டியவர்கள் இப்போது கோம்போவில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்)