இறந்த மீன் கற்பித்த பாடம்

உள்ளதை இல்லை என்பதும் பிழை. இல்லாததை உண்டு என்பதும் பிழை. இவற்றுள் இரண்டாவது பிழையைப் புள்ளிவிபரவியல் எவ்வாறு அடக்குகின்றது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

ஒரு மருந்தைச் சோதிப்போர், அதனாற் பயனில்லை என்றே முதலிற் கொள்வர். அவ்வாறு கொண்டால், சோதனையிற் கண்ட அளவோ அதனினும் கூடிய அளவோ வேறுபாடு தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலும் குறைவாயின், அக்கொள்கையைக் கைவிடுவர். இவ்வெல்லையைப் பரவச் செய்தது, றொனால்ட் பிஷர் என்னும் ஆங்கில அறிஞர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலாகும்.

ஒரு வினாவுக்கு இவ்வெல்லை போதும். வினாக்கள் பலவாயின் யாது நிகழும்? பயனற்ற இருபது மருந்துகளைத் தனித்தனியே சோதித்தால், ஒன்றேனும் பயனுடையதுபோலத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 64 ஆகும். அவ்வொன்றை மாத்திரம் உலகுக்கு அறிவித்தால், அதனை நம்பும் நோயாளி பொருளை இழப்பான். நற்சிகிச்சை பெறுதற்குரிய காலத்தையும் இழப்பான்.

2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரெய்க் பெனற்றும் அவர்தம் துணைவரும், மூளையின் தொழிற்பாட்டைப் படம்பிடிக்கும் காந்தக் கருவியினுள் இறந்த சல்மன் மீனொன்றை வைத்து, மனிதரின் படங்களைக் காட்டினர். ஆயிரத்துக்கு ஒன்று என்னும் கடுமையான எல்லையைக் கொண்டு 8,064 கூறுகளைச் சோதித்தபோது, 16 கூறுகள் தொழிற்படுவனபோலத் தோன்றின! அத்துணைக் கூறுகளைச் சோதிக்குமிடத்து, தற்செயலினால் மட்டுமே ஏறக்குறைய எட்டுக் கூறுகள் அவ்வாறு தோன்றக்கூடும் அன்றோ? சோதனைகளின் தொகைக்கேற்பத் திருத்தம் செய்ததும் பதினாறும் மறைந்தன.

அத்திருத்தம் இருவகைப்படும். எல்லையைச் சோதனைகளின் தொகையால் வகுப்பது ஒன்று. இத்தாலியரான பொன்பெரோனியின் பெயரால் அது வழங்குகின்றது. இருபது சோதனைகளாயின், நூற்றுக்கு ஐந்து என்பது நானூற்றுக்கு ஒன்றாகும். ஆயினும், கண்டிப்பு மிகுந்தால் மெய்யான பயனும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, 1995ஆம் ஆண்டில் இஸ்ரேலிய அறிஞர் பென்யமினியும் ஹொக்பேர்க்கும் வேறொரு வழி வகுத்தனர். உண்டென அறிவிக்கப்படும் முடிவுகளுள் பொய்யானவற்றின் சராசரிப் பங்கை ஒரு வரம்புக்குள் வைத்திருப்பதே அவ்வழி.

எவ்வழியைக் கையாளினும், செய்த சோதனைகள் அனைத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். புதுமை கண்டோம் என்பாரிடம், கண்டது யாது என்று கேட்பதோடு அமையாது, எத்தனை இடத்திலே தேடிக் கண்டீர் என்றும் நாம் கேட்டல் வேண்டும்.